பேறுகால மரணம்: கர்ப்பிணிக்கும் வீட்டாருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பேறுகால மரண விகிதம் குறைந்துவிட்டது என்று ஒரு செய்தி வருகிறது. அதே வாரத்தில், பிரசவத்துக்குப் போன இளம்பெண் இறந்துவிட்டார், உறவினர்கள் மருத்துவமனை முன்பு மறியல் செய்தார்கள் என்று இன்னொரு செய்தி வருகிறது. இரண்டில் எதை நம்புவது என்று படிப்பவருக்குக் குழப்பம். இரண்டுமே உண்மை. விகிதம் குறையக் குறைய, மிச்சமிருக்கும் மரணங்களின் தன்மை மாறுகிறது. நாம் கர்ப்பிணிகளுக்குச் சொல்லிவரும் அறிவுரை மட்டும் அந்த அளவுக்கு மாறவில்லை. அது ஏன் என்று புரிய அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

எதைப் பேறுகால மரணம் என்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இது: ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ இறந்து, அதற்குக் கர்ப்பமோ, கர்ப்பத்தால் மோசமான நோயோ, அப்போது அளித்த சிகிச்சையோ காரணமாக இருந்தால் அது பேறுகால மரணம். கர்ப்பம் முடிவது என்றால் பிரசவம் மட்டுமில்லை. கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் எல்லாம் இதில் அடக்கம். சாலை விபத்தில் இறந்தால் இந்தக் கணக்கில் வராது. கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின்போ நடக்கும் தற்கொலையை நேரடிப் பேறுகால மரணமாகவே எண்ண வேண்டும் என்று அந்த நிறுவனம் 2012-ல் வழிகாட்டியது.

ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்பதுதான் செய்திகளில் வரும் விகிதம். இந்தியாவில் மாதிரிப் பதிவு முறை என்ற கணக்கெடுப்பின் மூலம் இதைக் கணிக்கிறார்கள். இது மாதிரிக் கணக்கெடுப்பு, இறப்புகளும் எண்ணிக்கையில் குறைவு. அதனால் மூன்று ஆண்டுத் தகவலைச் சேர்த்தால்தான் நம்பகமான எண் கிடைக்கும். ‘2018–20’ என்று ஆண்டுகளைச் சேர்த்து எழுதுவது இதனால்தான். 2014–16-ல் 130 ஆக இருந்த இந்திய விகிதம் 2018–20-ல் 97 ஆனது. அதே காலத்தில் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, அசாமில் 195. உலக நாடுகள் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு 70-க்குக் கீழ்.

54 என்பதை நல்ல எண்ணாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பிரசவங்கள் நடப்பதாகக் கொண்டால், அந்த விகிதத்தில் ஏறக்குறைய 490 வீடுகளில் தாய் இல்லை.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்பியவைதான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடக்கின்றன. ‘ஆஸ்பத்திரியில் பிரசவம் பாருங்கள்’ என்ற பிரசாரம் இங்கே வென்றுவிட்டது. அடுத்துச் சொல்ல வேண்டியதைத்தான் நாம் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

உயிரைப் பறிப்பவை

*ரத்தப்போக்கு.* உலக அளவில் பேறுகால மரணங்களில் நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல் இதனால் நிகழ்கிறது. காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் திறந்தே இருக்கும். கர்ப்பப்பைத் தசை இறுகிச் சுருங்கினால்தான் அவை மூடிக்கொள்ளும். தசை சுருங்காமல் தளர்ந்து கிடந்தாலோ, நஞ்சின் துண்டு உள்ளே தங்கினாலோ, பிறப்புப் பாதை கிழிந்தாலோ, ரத்தம் உறைய மறுத்தாலோ சில நிமிடங்களில் நிலைமை கைமீறிப் போகலாம். 500 மில்லிக்கு மேல் போனாலே அதை ஆபத்தாகக் கணக்கிடுகிறார்கள்.

கர்ப்பிணிகள் அறிய வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. அதிக ரத்தப்போக்குக்கு ஆளாகும் பெண்களில் பலருக்கு முன்கூட்டி எந்த ஆபத்துக் காரணமும் இருப்பதில்லை. இரட்டைக் குழந்தை, பல பிரசவம், முன்பு ரத்தப்போக்கு ஏற்பட்டது என்று பட்டியல் உண்டுதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கும் வரும். ‘ஸ்கேன் எல்லாம் நார்மல், தலைப்பிரசவமும் சுகப்பிரசவம்’ என்பது உத்தரவாதம் ஆகாது. எந்தப் பிரசவமானாலும், ரத்தம் ஏற்றவும் அறுவைசிகிச்சை செய்யவும் வசதியுள்ள இடத்துக்கு நேரத்தோடு போய்ச்சேரும் வழி இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ரத்தம் எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் அனுபவசாலிகளே தவறுகிறார்கள், பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அளவுக்கோடு போட்ட விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கை அடக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காரணம் தேடும் பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவும் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்ததும், ஒவ்வொன்றாகக் காத்திருக்காமல் எல்லாவற்றையும் உடனே செய்ததும்தான் வித்தியாசம்.

*ரத்தசோகை.* இது தனியாகக் கொல்வதைவிட, மற்றவை கொல்வதற்கு வழிவிடுவது அதிகம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. 12 கிராம் உள்ளவர் தாங்கும் ரத்த இழப்பை 7 கிராம் உள்ளவரால் தாங்க முடியாது. மேலே சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 48.3 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைத்தும் இந்த நிலை. மாத்திரையால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்ற பேச்சுகள் இன்னும் இருக்கின்றன. இரண்டும் பொய். குமட்டலும் மலச்சிக்கலும் உண்மையான தொல்லைகள். அதற்காக மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம். இரவில் சாப்பிட்டபின் போடலாமா, ஊசியாக ஏற்றலாமா என்று செவிலியரிடம் கேட்கலாம். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடலில் சரியாகச் சேராது.

*உயர் ரத்த அழுத்தம்.* இருபதாவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் முன்சூல்வலிப்பு நிலை. அது முற்றினால் வலிப்பு, ஊரில் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்பார்கள். மூளையில் ரத்தக்கசிவு, கல்லீரல் பாதிப்பு, நஞ்சு முன்கூட்டியே பிரிவது என்று இது பல வழிகளில் தாக்கும். தொடக்கத்தில் உடம்பில் எதுவும் தெரியாது என்பதுதான் இதன் கொடுமை. அதனால்தான் ‘நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மாதாமாதம் போக வேண்டும்’ என்ற எண்ணம் ஆபத்தாகிறது. அறிகுறி தெரியும் நேரத்தில் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம். விடாத தலைவலி பித்தமாகிறது, மேல்வயிற்று வலி வாயுவாகிறது, முகவீக்கம் ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோப்பது சகஜம்’ ஆகிறது. மாலையில் பாதம் லேசாக வீங்குவது சகஜம்தான். காலையில் எழும்போதே முகமும் கையும் வீங்கி, மோதிரம் கழலவில்லை என்றால் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

இதற்கும் மருந்து உண்டு. மக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கும் என்று 2002-லேயே பன்னாட்டு ஆய்வு ஒன்று நிறுவியது. விலை மலிவு. நேரத்துக்குப் போய்ச்சேர்ந்தால் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிருமித்தொற்று, குழந்தை வெளிவர வழியில்லாமல் அடைபடுவது, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு ஆகியவை பழைய எதிரிகள். மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கிக் கருவைக் கலைப்பதில் தனியாக ஒரு ஆபத்து உண்டு: கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது, ஆனால் வரும் ரத்தத்தைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். இந்தியச் சட்டம் 1971 முதல் கருக்கலைப்பை அனுமதிக்கிறது, 2021-ல் வரம்பும் தளர்த்தப்பட்டது. ஒளித்துச் செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

மருத்துவமனைப் பிரசவம் பெருகிய மாநிலங்களில் மேலே வருவது இதயநோய், காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போவது போன்றவை. சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கியிருக்கும், கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடும்போதுதான் அது வெளியே தெரியும். படுத்தால் மூச்சுத் திணறுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்று ஒரு கர்ப்பிணி சொன்னால் ‘வயிறு பெருத்ததால் அப்படித்தான்’ என்று சமாதானம் சொல்லக் கூடாது.

ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு கால அளவு

சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு மகப்பேறு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு:

1. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு: 2 மணி நேரம்
2. பிரசவத்துக்கு முன் ரத்தப்போக்கு: 12 மணி நேரம்
3. கர்ப்பப்பை கிழிதல்: 1 நாள்
4. வலிப்பு: 2 நாட்கள்
5. அடைபட்ட பிரசவம்: 3 நாட்கள்
6. கிருமித்தொற்று: 6 நாட்கள்

இவை சராசரிகள், அவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஆனாலும் விழிப்புணர்வுக்கு இந்தப் பட்டியல்தான் மையம் என்று நினைக்கிறேன். ‘ரத்தப்போக்கு ஆபத்து’ என்று தெரியாத கர்ப்பிணி அநேகமாக இல்லை. இரண்டே மணி நேரம்தான் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. அது தெரிந்த வீட்டில் ‘அவர் வேலை முடிந்து வரட்டும், கேட்டுக்கொண்டு போகலாம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்தார். இயற்கையான பிரசவம் வேண்டும் என்ற ஆசை குற்றமில்லை. ஆனால் பெரும்பாலான பிரசவங்கள் நல்லபடியாக முடிவதால், அந்தக் காணொளிகளில் தெரிபவையும் நல்லபடியாக முடிந்தவையே. மீதியில் மிஞ்சும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

மூன்று தாமதங்கள்

1994-ல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேறுகால மரணங்களை மூன்று தாமதங்களாகப் பிரித்தார்கள். இன்றும் மரண ஆய்வுகள் இந்தச் சட்டகத்தில்தான் நடக்கின்றன.

1. முடிவெடுப்பதில் தாமதம். ஆபத்து என்று உணராதது, உணர்ந்தும் யாரிடமோ அனுமதிக்குக் காத்திருப்பது, செலவுக்குப் பயப்படுவது.
2. போய்ச்சேர்வதில் தாமதம். வண்டி, சாலை, தூரம், எந்த மருத்துவமனை என்று தெரியாமை.
3. போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மருத்துவர், ரத்தம், மயக்க மருந்து நிபுணர் இல்லாமல் வேறிடத்துக்கு அனுப்புவது.

தமிழ்நாட்டில் 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ் சேவை இரண்டாவது தாமதத்தைப் பெருமளவு குறைத்தது. மூன்றாவது அரசின், மருத்துவமனையின் பொறுப்பு. முதல் தாமதம்தான் விழிப்புணர்வின் களம். அங்கே நாம் செய்யும் பெரிய தவறு, கர்ப்பிணியிடம் மட்டும் பேசுவது. வலிப்பு வந்தவராலோ ரத்தம் போய் மயங்கிக் கிடப்பவராலோ போன் செய்ய முடியாது. அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டியவர்கள் கணவர், மாமியார், அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழு மாதம் ஒரு ஊர்ச் செவிலியர் பார்த்திருப்பார், வளைகாப்புக்குப் பின் பெண் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். அவருடைய ரத்த அழுத்த வரலாறு பழைய ஊரிலேயே தங்கிவிடக் கூடாது. தாய் சேய் நல அட்டையும், கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரும் பிக்மி எண்ணும் கூடவே போக வேண்டும். போய்ச்சேர்ந்த வாரத்திலேயே தாய்வீட்டு ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துகொள்ள வேண்டும்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

கர்ப்பத்தின்போது:

- எந்த மாதத்திலும் ரத்தம் படுவது, வலி இல்லாவிட்டாலும்
- விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறப்பது
- முகம், கை வீக்கம், வலிப்பு
- படுக்க முடியாத மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, படபடப்பு
- 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்
- பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது
- நாள் தள்ளிப்போன சில வாரங்களில் அடிவயிற்றின் ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம்

பிரசவத்துக்குப் பிறகு:

- ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, கோழிமுட்டையைவிடப் பெரிய ரத்தக்கட்டி
- நாற்றமுள்ள கசிவு, காய்ச்சல், தையல் இடத்தில் சீழ்
- ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல்
- தலைவலி, கண் மங்கல் (ரத்த அழுத்தக் கோளாறு பிரசவத்துக்குப் பின்பும் தொடங்கலாம்)
- குழந்தையையோ தன்னையோ துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம், நாட்கணக்கில் தூக்கமின்மை, பேசாமல் ஒடுங்கிப்போவது

இரண்டாவது பட்டியலை நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை. குழந்தை பிறந்ததும் வீட்டின் கவனம் முழுவதும் குழந்தைக்குப் போய்விடுகிறது. பச்சை உடம்புக்காரிக்குக் காய்ச்சல் வந்தால் ‘பால் கட்டியிருக்கும்’ என்கிறோம். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று குடிக்க விடுவதில்லை. ஒரே இடத்தில் நாள்கணக்கில் படுக்கவைக்கிறோம். ரத்தம் கட்டுவதற்கு இந்த இரண்டும் துணைபோகும். எழுந்து நடப்பதும் தாராளமாகத் தண்ணீர் குடிப்பதும் அவளுக்குத் தேவை.

சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அதே குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம். உயிர் காக்க வேண்டிய இடத்தில் அதைத் தள்ளிப்போடுவது தவறு. அதேசமயம் அது பெரிய அறுவைசிகிச்சை. தொற்றும் ரத்தக்கட்டியும் கூடும், அடுத்த கர்ப்பத்தில் பழைய தழும்பில் நஞ்சுக்கொடி வேரூன்றிப் பிரியாமல் போகும் வாய்ப்பும் உண்டு. முன்பு சிசேரியன் ஆன ஒவ்வொருவரும் அடுத்த கர்ப்பத்தின் ஸ்கேனில் ‘நஞ்சு எங்கே இருக்கிறது, தழும்பின் மேல் இருக்கிறதா’ என்று கேட்க வேண்டும்.

ஏழாம் மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டியவை

1. எந்த மருத்துவமனை, அங்கே இரவிலும் சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் முடியுமா? முடியாவிட்டால் அடுத்து எங்கே? மாவட்டத்தில் உள்ள சீமாங்க் மையம் (தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் அரசு மையம்) எது?
2. 108 வரத் தாமதமானால் எந்த வண்டி, ஓட்டுநர் யார்?
3. கணவர் ஊரில் இல்லாதபோது முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? கர்ப்பிணி ‘போகலாம்’ என்று சொன்னாலே போதும் என்று வீட்டில் ஒப்புக்கொண்டாயிற்றா?
4. ரத்த வகை என்ன, ரத்தம் கொடுக்க யார் வருவார்கள்?
5. கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் எவ்வளவு என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா?

ஆபத்து அதிகம் என்று அட்டையில் குறிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் சிறப்புப் பரிசோதனைக்குப் போகலாம். மருத்துவ அதிகாரி நேரடியாகப் பார்க்கும் இந்தத் திட்டம் 2016-ல் தொடங்கியது.

விழிப்புணர்வு எங்கே நின்றுவிடுகிறது?

எல்லாம் தெரிந்து, நேரத்துக்குப் போயும் இறந்தவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரியில் அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் திரவத்தின் தரத்தின் மீது சந்தேகம் எழுந்தது. அந்தப் பெண்களின் அறிவில் எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது தாமதத்தால், மோசமான மருந்தால், ஆளில்லாத இரவுப் பணியால் நிகழும் மரணத்துக்கு ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று யாராவது விளக்கம் சொன்னால் அதை ஏற்கக் கூடாது.

இதைப் பிரித்தறியத்தான் பேறுகால மரண ஆய்வு என்ற நடைமுறை இருக்கிறது. ஒவ்வொரு மரணத்தையும் மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டும், வீட்டுக்குச் சென்று உறவினர்களிடம் கேட்டும் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அறிகுறி எப்போது தொடங்கியது, எப்போது கிளம்பினீர்கள், எத்தனை இடங்களுக்கு அனுப்பப்பட்டீர்கள், எத்தனை மணிக்கு மருத்துவர் பார்த்தார் என்று கேட்பார்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் முதல் தாமதமா மூன்றாவதா என்பதை இந்த நேரங்கள்தான் காட்டும். அதனால் அவசரமாகக் கிளம்பும்போதே கூடப் போகும் ஒருவர், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், மருத்துவர் வந்த நேரம் ஆகியவற்றைத் தன் போனில் குறித்துக்கொள்வது நல்லது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்பட்டால், அடுத்த இடத்து மருத்துவர் முதலில் கேட்பதும் இந்த நேரங்களையும், அதுவரை போட்ட ஊசிகளின் பெயரையும்தான்.